முதல் கீறல்

பலகை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. குளிர்கோட்டு வாங்கும்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் இரும்புக் கம்பியில் ஏறிச் சறுக்கப்போகிற பனிப்பலகைக்கு நிறம் என்பது ஒரு மாத அழகு. கிறிஸ்துமஸுக்கு வாங்கினால் பிப்ரவரியில் அடிப்பக்கத்துப் படம் பாதி அழிந்திருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவது நீளம், அகலம், வளைவு, விளிம்பு. அவற்றைப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. பார்த்துக் கொடுக்கிறவர்கள் இன்னும் குறைவு.

இந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். ஏன் இதையே தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதுதான் குளிர்கால விளையாட்டு என்று முதல் நாளே சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். மேசையில் அந்தச் சின்னக் கேமராவை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன்.

எங்கள் குன்றை நீங்கள் கீழே சாலையிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். அது கடவுள் வைத்த குன்று அல்ல. சுரங்கத்துக்காரர்கள் அறுபது வருஷம் கொட்டிய மண். மினசோட்டாவின் இந்த வடக்கு மூலையில் மலை என்று சொல்ல எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது. உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நாற்பது விநாடி. ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஒரு பருவத்துக்கு மூன்று ஜோடித் தோல் கையுறை தேய்ந்துபோகும். இவ்வளவு சின்னக் குன்றில் வேகமாக இறங்கி என்ன செய்ய? அதனால் எங்கள் ஆட்கள் கம்பியில் ஏறினார்கள். படிக்கட்டுக் கைப்பிடி, குழாய், ரயில் தண்டவாளம், எது கிடைத்தாலும் கொண்டுவந்து பனியில் நட்டுவிடுவார்கள். பெரிய மலைகள் இருக்கிற ஊர்க்காரர்கள் வந்து முதலில் சிரிப்பார்கள். பிறகு கேமராவை எடுப்பார்கள்.

அந்தக் குன்றின் அடியில் இருக்கிற பட்டறையில் பத்தொன்பது வயதிலிருந்து வேலை பார்க்கிறேன். இப்போது முப்பத்தெட்டு. பலகைக்கு மெழுகு போடுவது, அடியில் விழுந்த பள்ளத்தை அடைப்பது, விளிம்பு தீட்டுவது, மழுக்குவது. என் பெயர் ஹில்யா என்று இருந்தாலும் பாதிப் பேர் என்னை ‘விளிம்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

என் தங்கை டைமி என்னைவிடப் பதினாலு வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே அலாஸ்காவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டார். வருஷம் ஒருமுறை வாழ்த்தட்டை வரும். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, பல் டாக்டர், முதல் மாதவிலக்கு, முதல் பலகை, எல்லாம் நான்தான். இடையில் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். டைமிக்குப் பதினெட்டு ஆகட்டும் என்றேன். நல்ல மனிதர், இரண்டு வருஷம் காத்திருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை சாவ்னா என்கிற நீராவி அறையைச் சூடேற்றி இரண்டு பேரும் வெந்து, வெளியே பனியில் நின்று ஆவி பறக்கப் பேசிக்கொண்டிருப்போம். அதைவிட வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் வேண்டியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது முதல் கீறல். அது தெரியாமல் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

புதுப் பலகை வாங்கியவருக்கு அதைக் கம்பியில் போட மனசு வராது. தயங்கிக்கொண்டே ஏறுவார். கம்பியில் தயங்கினால் விழுந்துவிடுவார். அதனால் எங்கள் குன்றில் புதுப் பலகையின் முதல் சறுக்கலைச் சொந்தக்காரர் செய்யமாட்டார். அவருக்கு நெருக்கமான ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ‘பழைய கம்பி’யில் ஒருமுறை சறுக்கி, அடியில் ஒரு கீறலோடு திருப்பிக் கொடுப்பார். கெட்டுப்போனது போனது, இனி பயமில்லை என்று அர்த்தம். பழைய கம்பி என்பது தாது அரைக்கும் ஆலையின் படிக்கட்டுக் கைப்பிடி. நடுவில் ஒரு பற்றவைப்புத் தழும்பு இருக்கிறது. மழுங்கிய விளிம்பு அதைத் தாண்டும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் நிற்கிற எல்லோரும் கையுறையோடு கைதட்டுவார்கள்.

டைமியின் ஆறு பலகைகளுக்கும் முதல் கீறல் போட்டது நான். எனக்கு அவ்வளவாகச் சறுக்க வராது. அந்த ஒரு கம்பி மட்டும் வரும். அவளுக்காகக் கற்றுக்கொண்டேன்.

கோல்பி நவம்பரில் வந்தான். உட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டிக்காரன். படம் எடுக்கிறவன். டைமி சறுக்குவதை வைத்து ஐந்து நிமிஷப் படம் ஒன்று எடுக்க அவனை ஒரு கம்பெனி அனுப்பியிருந்தது. முதல் வாரம் விடுதியில் தங்கினான். இரண்டாவது வாரம் எங்கள் மேசையில் சாப்பிட்டான். மூன்றாவது வாரம் அவனுடைய பல் துலக்கும் பிரஷ் எங்கள் குளியலறையில் இருந்தது. பச்சை நிறம்.

கெட்டவன் என்று சொல்லமாட்டேன். குள்ளமாக, சுத்தமாக, எப்போதும் நன்றி சொல்லிக்கொண்டு இருப்பான். சாவ்னாவில் நான்கு நிமிஷத்தில் எழுந்து ஓடினான்.

“உட்டாக்காரங்களை இதுக்குள்ள விட்டா வேகறதுக்கு முன்னாடியே ஓடிடறாங்க,” என்றாள் டைமி.

“நான் விருந்தாளி. விருந்தாளியை வேக வைக்கிற ஊரை இப்பதான் பாக்கறேன்,” என்றான் வெளியிலிருந்து.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் ஆட்களைக் கவனிக்கிறவள். விளிம்பு வேலை அப்படி. கண்ணுக்குத் தெரியாத பிசிறை விரல் நகம் கண்டுபிடிக்க வேண்டும். அவனிடம் பிசிறு இருந்தது.

முதலில், போன். யாரோடோ பேசிக்கொண்டிருப்பான், நான் உள்ளே வந்ததும் “அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவான். ஒருமுறை இல்லை, ஏழு முறை. பிறகு, கேள்விகள். “நீங்க இந்த ஊரை விட்டு வேற எங்கயாவது இருந்திருக்கீங்களா, ஹில்யா?” என்று கேட்டான். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டான். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு. எதற்காக ஒருவன் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் தபால் எடுக்கப் போய்த் திரும்பினேன். பட்டறையில் அவன் தனியாக இருந்தான். கையில் அளவுநாடா. என் வேலை மேசையின் உயரத்தை அளந்து போனில் குறித்துக்கொண்டிருந்தான். சுவரில் அரங்களும் தீட்டுக்கற்களும் தொங்குகிற வரிசையைப் படம் எடுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் நாடா சுருக்கென்று உள்ளே போனது.

“மேசை நல்ல உயரமா இருக்கு,” என்றான்.

“நாற்பத்தோரு அங்குலம். எனக்குன்னு அடிச்சது,” என்றேன்.

“தெரியுது,” என்றான். முகம் சிவந்திருந்தது.

நீங்களே சொல்லுங்கள், நீங்கள் இருபது வருஷமாகச் சந்தேகப்படுகிற வேலை பார்க்கிறவர். ஒரு ஆள் உங்கள் மேசையை உங்களுக்குத் தெரியாமல் அளந்தால் என்ன நினைப்பீர்கள்? பட்டறையை யாருக்கோ பேசி முடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இல்லையென்றால் என்னைப் போகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் இயந்திரம் வைக்க யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் படுக்கிற அறையைப் பெருக்கும்போது கோட்டுப் பையைப் பார்த்தேன். வாடகை வீடு ஒன்றின் விளம்பரத் தாள். மூன்று அறை, ஒரு கார் கொட்டகை. இரண்டு பேருக்கு எதற்கு மூன்று அறை? குழந்தைக்கு ஒன்று என்றால், மூன்றாவது? அவனுடைய அம்மாவுக்கு என்று முடிவு செய்தேன். டைமி அங்கே போய் யாரோ ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊற்றப் போகிறாள்.

அந்த வாரமே டைமி சொன்னாள். மான் கறி போட்ட காட்டரிசி சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

“ஏப்ரல்ல பனி உருகினதும் கிளம்பறோம் அக்கா.”

“எங்க?”

“சால்ட் லேக். கோல்பி வேலை அங்கதானே. கல்யாணம் ஜூன்ல.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “இன்னொண்ணும் இருக்கு. ஆனா இப்ப சொல்லக்கூடாதுன்னு இவன் சத்தியம் வாங்கியிருக்கான்.”

கோல்பி மேசைக்கு அடியில் அவள் காலை உதைத்தான். நான் பார்த்தேன்.

நல்லது என்றேன். அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சூப் ஊற்றினேன். நான் கத்தவில்லை, அழவில்லை. யாரையும் கேட்டுப் பாருங்கள், அந்த மாதம் முழுவதும் நான் அவனிடம் ஒரு கடுமையான சொல் சொன்னதில்லை.

படத்தின் கடைசிக் காட்சிக்கு டைமிக்குப் புதுப் பலகை வேண்டியிருந்தது. கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். டைமி கடைக்காரரிடம், “அக்கா கை வெச்சுப் பாக்காம நான் எதையும் வாங்கறதில்லை” என்றாள். அதை அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள். ஏன் அவனுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்?

மூன்று மணி நேரம் பார்த்தேன். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கம்பிக்குப் போகிற பலகை வழக்கத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருந்தால் சுழற்ற லேசாக இருக்கும், அப்படியே எடுத்தேன். முன்முனையும் பின்முனையும் ஒன்றுபோல இருக்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைத்தாலும் ஒன்றாகவே போகும்; அதையும் பார்த்தேன். முனையைத் தரையில் ஊன்றி நடுவில் அமுக்கினால் வளைய வேண்டும், ஆனால் தளர்ந்துபோய் வளையக்கூடாது. அடிப்பக்கம் விலை உயர்ந்தது வேண்டாம், கம்பியில் கிழியும். சீக்கிரம் ஒட்டுப்போடக்கூடிய சாதா அடிதான் நல்லது. வளைவு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. தட்டையான பலகை கம்பியில் மன்னிக்கும். நடுவில் மேல்நோக்கி வளைந்த பலகை துள்ளும், ஆனால் மன்னிக்காது. டைமிக்குத் துள்ளல் வேண்டும். அவளுக்கு மன்னிப்பு தேவைப்படாது, அவ்வளவு நன்றாகச் சறுக்குவாள். வளைந்ததையே எடுத்தேன். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார்.

ஆம், அகலம். நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நேற்றே தெரிந்தது, அளவுகோலோடு வந்தீர்கள். டைமியின் காலுக்கு வேண்டியதைவிட அரை விரல் அகலம் கூட. காலைப் பிடிக்கிற வார்களும் ஒரு அளவு பெரியவை. அவள்கூடக் கேட்டாள், கொஞ்சம் படகு மாதிரி இருக்கே அக்கா என்று. இறங்கும்போது நிலையாக நிற்கும் என்றேன்.

கோல்பியின் பூட்ஸ் அவளுடையதைவிட ஒரு விரல் நீளம். பலகை குறுகலாக இருந்திருந்தால் அவனுடைய பெருவிரல் பக்கம் வெளியே நீட்டிப் பனியில் உரசியிருக்கும். பிறகு ஏதாவது நடந்தால் அகலம் பற்றாமல் விழுந்தான் என்று சொல்வார்கள். பலகையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன் என்று பெயர் வருவதை நான் விரும்பவில்லை.

இதைச் சொல்லும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான் மறைக்க வரவில்லை.

அவன் அந்தப் பலகையில் ஏறுவான் என்று எப்படித் தெரியும் என்றால், எங்கள் பட்டறைக்கும் குளிர்காயும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒட்டுப்பலகைச் சுவர். அந்தப் பக்கம் டைமி அவனுக்கு முதல் கீறலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்ப உன்னோட அடுத்த பலகைக்கு நான் போடலாமா?” என்று கேட்டான்.

டைமி சிரித்தாள். பதில் சொல்லவில்லை. நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு அவர்கள் பேச்சு காபிக்குப் போய்விட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு பலகைக்கு என் முட்டி வலித்திருக்கிறது, இடுப்பு வலித்திருக்கிறது. ஏழாவதைச் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

விளிம்பு வேலையை வியாழக்கிழமை காலையில் செய்தேன். பலகையைச் சுற்றி இரும்பு விளிம்பு ஓடுகிறது அல்லவா, கடையிலிருந்து வரும்போது அது கத்தி மாதிரி இருக்கும். கம்பிக்குப் போகிறவர்கள் அதை மழுக்கித்தான் போவார்கள், முக்கியமாக இரண்டு காலுக்கும் நடுவில். கூராக இருந்தால் கம்பியில் இருக்கிற சின்னப் பிசிறுகூடக் கடித்துப் பிடிக்கும். இதை எங்கள் குன்றில் ஏழு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும்.

எங்கள் ஆட்கள் புதுப் பலகையைக் கையில் வாங்கியதும் முனையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார்கள். வழக்கம். மழுக்கியிருக்கிறது என்று தெரிந்ததும் தலையசைப்பார்கள். நடுவில் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் முனையை மழுக்கிய கை நடுவையும் மழுக்கியிருக்கும். நான் முனைகளை மழுக்கினேன். நடுவை வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லால் தீட்டினேன். நகத்தை வைத்துப் பார்த்தேன், மெல்லிய சுருளாக நகம் சீவிக்கொண்டு வந்தது. நல்ல வேலை. என் வாழ்க்கையில் செய்த மிகச் சீரான விளிம்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் யாரையும் கொல்லத் தீர்மானிக்கவில்லை. தீர்மானத்தை டைமியிடம் விட்டிருந்தேன். ரப்பர் கல் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் அளவு, எப்பேர்ப்பட்ட கூரையும் இரண்டு நிமிஷத்தில் மழுக்கிவிடும். அதை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் சனிக்கிழமை வெளியே வந்தேன். அவள் என்னைக் கேட்டால், ஒரு நிமிஷம் இரு என்று பலகையை உள்ளே எடுத்துப்போய், நடுவை மழுக்கி, வந்து, நானே முதல் கீறல் போட்டிருப்பேன். கோல்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஏப்ரலில் அவர்கள் கிளம்பியிருப்பார்கள். நான் கையாட்டியிருப்பேன். அவள் அவனைக் கேட்டால், அது அவளுடைய விருப்பம். இதைவிட நியாயமாக ஒருவர் எப்படி நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி. முந்தின நாள் தூறிய மழை உறைந்து பனி கண்ணாடி மாதிரி இருந்தது. இருபது பேர் இருக்கும், கையில் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக நின்றார்கள். டைமி பலகையைக் கொண்டுவந்தாள். முனையில் கட்டைவிரலை ஓட்டித் தலையசைத்தாள். கோல்பி கேமராவை அவளிடம் கொடுத்தான். வழக்கமான பேச்சு கொஞ்சம் நடந்தது. பிறகு அவன் பலகையை மாட்டிக்கொண்டான். வார் கச்சிதமாகப் பிடித்தது.

“விழுந்தா படத்துல போட்டுருவேன்,” என்று யாரோ சொன்னார்கள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஏறியது நன்றாகத்தான் இருந்தது. பலகையைக் கம்பிக்குக் குறுக்கே திருப்பினான். நடுவில் தழும்பு வந்தது. நாங்கள் எல்லோரும் ‘டிக்’குக்காகக் காத்திருந்தோம். அந்தச் சத்தம் வரவில்லை. பலகை அங்கேயே நின்றது, அவன் நிற்கவில்லை. கம்பியைத் தாங்குகிற இரும்புக்கால் ஒன்று கீழே இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்துதான். டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தான்.

நான்தான் முதலில் ஓடினேன். என் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டேன். அந்தக் கோட்டின் பையில்தான் உங்கள் ஆட்கள் ரப்பர் கல்லைக் கண்டெடுத்தார்கள். அதை எனக்கு எதிரான சாட்சி என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது எனக்கு ஆதரவான சாட்சி.

டைமி ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமை திரும்பினாள். சாப்பிடவில்லை. பட்டறைக்குள் வந்து, மூலையில் சாத்தி வைத்திருந்த பலகையை என் மேசைமேல் போட்டு, கட்டைவிரலை முனையில் வைத்தாள். அங்கே நிற்கவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள், நடுவரைக்கும். ரத்தம் ஒரு கோடாக வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அம்மா இறந்த அன்று பார்த்த மாதிரி, எதுவுமே புரியாத குழந்தை மாதிரி. கட்டுப்போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் யாரையாவது குற்றம் சொல்லத்தான் செய்வார்கள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். சாவ்னாவுக்கு விறகு பிளந்து வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் ஒரு படம் காட்டினீர்கள். சால்ட் லேக்கில் ஒரு வீட்டின் கார் கொட்டகை. உள்ளே புது மர மேசை. பக்கத்துச் சுவரில் ஆணிகள், அரம் மாட்ட, தீட்டுக்கல் மாட்ட, என் பட்டறையில் இருக்கிற அதே வரிசையில். மேசை நாற்பத்தோரு அங்குலம் என்று அளந்து வந்த அதிகாரி சொன்னாராம். மூன்றாவது அறையில் கட்டில் போட்டிருந்ததாம், ஜன்னல் மலையைப் பார்த்து. போனில் அவன் பேசியதெல்லாம் தச்சரோடும், அங்கே ஒரு பலகைக் கடையில் எனக்கு வேலை கேட்டும்தானாம். முதல் கீறல் முடிந்ததும் எனக்குச் சொல்வதாக இருந்தார்களாம்.

இருக்கலாம். ஆனால் உயரமான மேசை யாருக்கும் உபயோகப்படும். அப்படியே எனக்குத்தான் என்றாலும், என்னைக் கேட்காமல் என் மேசையை அளந்தது சரியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் வைத்திருந்ததால் வந்த வினை இது. இதில் அவனுக்கும் பங்கு உண்டு.

சரி, கேமராவைப் போடுங்கள். டைமி பிடித்துக்கொண்டிருந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

அது என் பூட்ஸ். அது டைமியின் கை, பலகையை என் பக்கம் நீட்டுகிறது. குரல் காற்றில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் கேட்கிறது.

“அக்கா, வா. நீ போடு.”

“எனக்கு முட்டி வலிக்குது. கோல்பி போடட்டும்.”

“உன் முட்டி எல்லா வருஷமும்தான் வலிக்குது. ஆறுக்கும் நீதானே போட்ட, இதுக்கும் நீதான். வா அக்கா.”

“அவங்கதான் போடணும். நான் சும்மா படம் எடுக்கறேன்,” என்கிறது அவன் குரல்.

“இல்லப்பா. இனிமே அவளுக்கு நீதானே எல்லாம். ஏறு.” அது நான்தான்.

அதற்கப்புறம் சிரிப்பு, கைதட்டல், வார் இழுபடுகிற சத்தம். நிறுத்திவிடலாம், மீதியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள், நீங்கள் எண்ணியது சரிதான். ஆனால் நீங்கள் வார்த்தையை மட்டும் கேட்கிறீர்கள். பதினைந்து வருஷம் வளர்த்தவளுக்குத்தான் ஒருத்தி மனசோடு கூப்பிடுகிறாளா, மரியாதைக்குக் கூப்பிடுகிறாளா என்று தெரியும். கல் என் பையிலேயேதான் இருந்தது, விரல் அதன்மேல்தான் இருந்தது. மூன்றாவது முறை கேட்டிருந்தால் எடுத்திருப்பேன்.